நிதி வேறு, நிதியம் வேறு

பூநகரி வாடியடியில் அண்மையில் கூடிய கமக்காரர் கூட்டமொன்றில், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று என்னை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, எங்கட குளத்துக்குக் காசு வந்தது எண்டு சொல்லிச்சினம். பிறகு மார்கழியோட அது திரும்பிப் போட்டுது எண்டினம். வந்த காசையும் நாங்கள் காணேல்லை, போன காசையும் காணேல்லை. நீங்கள் சட்டம் படிச்சனீங்கள். அது ஆற்ற காசு எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ” என்றார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நின்று வாதாடிப் பழகிய நான், அந்தக் கேள்விக்கு அன்று இரண்டு வாக்கியங்களில் ஏதோ கூறி அமர்ந்தேன். அது போதிய விடையன்று என்பது எனக்கும் தெரியும், அப்பெரியவருக்கும் தெரியும். அன்று சொல்லாது விட்டதை இன்று இப்பத்திரிகை வாயிலாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். கமக்காரர் மட்டுமன்றி, மாதந்தோறும் சம்பளத்திற் பிடிபணம் கொடுக்கும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வைத்தியரும் பொறியியலாளரும் இதனைப் படித்தல் வேண்டும். ஏனெனில் இவ்விடயத்தில் நம்மவர் எல்லோரும் ஒரே படகில்தான் இருக்கின்றோம்.

ஒரு சொல், பல பொருள்

நிதி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. புதையலுக்கும் செல்வக் குவியலுக்கும் அது பெயர். குபேரனிடத்தில் சங்கநிதி, பதுமநிதி என இரு பெரும் நிதிகள் உள்ளன என நம் முன்னோர் கூறினர். இன்றோ அச்சொல் பற்பல பொருளில் வழங்குகின்றது. நிதியமைச்சர் என்னும்போது அரசின் வரவு செலவு முழுவதையும் அது குறிக்கின்றது. குளத்திருத்தத்துக்கு நிதி என்னும்போது ஆண்டு ஒதுக்கீட்டைக் குறிக்கின்றது. வெள்ள நிவாரண நிதி என்னும்போது பலரிடம் திரட்டிய நன்கொடையைக் குறிக்கின்றது. சேமலாப நிதி என்னும்போது தொழிலாளியின் சேமிப்பைக் குறிக்கின்றது. தமிழ்நாட்டிலோ உறுப்பினரிடமே வைப்புப் பெற்று உறுப்பினருக்கே கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நிதி என்றே பெயர். 1872இல் தோன்றிய மயிலாப்பூர் நிதி அவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று.

இவ்வளவு பொருளையும் ஒரே சொல் தாங்கி நிற்பதால் நேரும் தீமை ஒன்றுண்டு. மேடையில் ஏறும் ஓர் அரசியல்வாதி “உங்கள் பிரதேசத்துக்கு நிதி பெற்றுத் தந்தேன்” என்று கூறுங்கால், அவர் தந்தது பணமா, அனுமதியா, கடனா, வாக்குறுதியா என்பதை எவரும் வினவுவதில்லை.

இலங்கையின் சட்டத் தமிழ் இதற்கு ஒரு வழி வகுத்து வைத்திருக்கின்றது. நிதி என்பது பணம். நிதியம் என்பது குறித்ததொரு நோக்கத்துக்காக, குறித்தவர் நன்மைக்காக, குறித்தவர் பொறுப்பில், பிற பணத்தோடு கலவாது வைத்துக் கணக்குக் காட்டப்படும் பணம். நிதியத்தைக் கண்டால் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இஃது எவருடையது? எதற்காக உள்ளது? இதன் திறப்பு எவர் கையில் இருக்கின்றது? இம்மூன்றுக்கும் விடை தெரியாதவிடத்து எவ்வளவு பெரிய தொகையைச் சொன்னாலும் அது வெறுஞ் சொல்லேயாகும்.

போன காசு எங்கே போனது?

பெரியவரின் கேள்விக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி, வேறு நோக்கங்களுக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படாத அரசாங்க வருவாய் அனைத்தும் திரட்டு நிதியம் என்னும் ஒரே பெட்டிக்குள் விழுகின்றது. வரிகளும் தீர்வைகளும் அதனுள்ளே செல்கின்றன. பூநகரிக் கமக்காரன் வாங்கும் மண்ணெண்ணெய்ப் போத்தலிலும் உழவு இயந்திரத்தின் உதிரிப்பாகத்திலும் அடங்கிய வரியும் அதனுள்ளேதான் செல்கின்றது. 150ஆம் உறுப்புரைப்படி நிதியமைச்சரின் கையொப்பமிட்ட ஆணைப்பத்திரமின்றி அப்பெட்டியிலிருந்து ஒரு சதமேனும் எடுக்க இயலாது. அவ்வாணையும் பாராளுமன்றம் அளித்த அதிகாரத்துக்கு உட்பட்டதாதல் வேண்டும். அந்த அதிகாரத்தை ஆண்டுதோறும் அளிப்பதே ஒதுக்கீட்டுச் சட்டம்.

ஆகவே “குளத்துக்குக் காசு வந்தது” என்றால் அதன் சட்டப் பொருள் யாது? காசு வந்தது என்பதன்று. இந்த ஆண்டுக்குள் இவ்வளவு செலவு செய்யலாம் என்னும் அனுமதி வந்தது என்பதே அதன் பொருள். நிதியாண்டு டிசெம்பர் 31ஆந் திகதி முடிகின்றது. அன்று மாலைக்குள் பயன்படுத்தப்படாத அனுமதி காலாவதியாகின்றது. காசு கொழும்பிலிருந்து புறப்படவுமில்லை, திரும்பிச் செல்லவுமில்லை. பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியவர் வந்ததையும் போனதையும் காணாததற்கு அவர் கண் காரணமன்று. காண்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இதிலே இன்னுமொரு கொடுமை உண்டு. வன்னியில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலே தொடங்கி ஆண்டிறுதி வரை பெய்கின்றது. குளக்கட்டில் மண் போடவும், துருசைக் கழற்றித் திருத்தவும், வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் ஏற்ற காலம் வைகாசி முதல் ஆவணி வரையான கோடையே. பூநகரியின் வயல்களிற் பெரும்பகுதி மானாவாரி. கோடையின் இறுதியில் உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மண் இது. இப்பகுதிக்குப் பெயர் தேடித்தந்த மொட்டைக்கறுப்பன் நெல் அந்த மழையை நம்பி வளர்வது. வரவு செலவுத் திட்டம் நிறைவேறி, சுற்றறிக்கை வந்து, மதிப்பீடு தயாரித்து, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தகாரரைத் தெரிந்து முடிக்கும்போது பெரும்பாலும் முதல் மழை விழுந்துவிடுகின்றது. ஈரக்கட்டில் எந்த இயந்திரம் ஏறும்? வேலை நிற்கின்றது, அனுமதி காலாவதியாகின்றது. அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது. கொழும்பின் நாட்காட்டியும் வன்னியின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் விளையும் நட்டத்தை அனுபவிப்பவன் கமக்காரன் ஒருவனே.

குளப் பராமரிப்புக்கென ஒரு நிதியம் இருந்திருப்பின் இந்நிலை நேர்ந்திராது. சட்டப்படி நிறுவப்பட்டு, மிகுதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை பெற்ற நிதியத்தின் பணம் மார்கழி 31ஆந் திகதியோடு மறைவதில்லை. இவ்வருடம் செலவாகாதது வருங்கோடையில் செலவாகும். சங்குப்பிட்டிப் பாலத்தை 2011 ஜனவரியில் திறந்தார்கள். அது மாபெரும் நன்மை என்பதை மறுப்பவர் எவருமிலர். பாலத்தைக் கட்டுவதற்கு ஒரு முறை பெருந்தொகை வேண்டும். குளத்துக்கோ ஆண்டுதோறும் சிறுதொகை, உரிய காலத்தில் வேண்டும். முன்னையதை ஒதுக்கீட்டால் செய்யலாம். பின்னையதற்கு நிதியமே தக்கது.

மாகாண நிதியத்தின் திறப்பு

“மாகாண சபை இருக்கின்றதே, அதற்கெனத் தனி நிதியம் இல்லையா?” என வினவுவோர் உளர். உண்டு. 1987ஆம் ஆண்டு 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மாகாண நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆனால் மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அந்நிதியம் எவருடையது? மாகாண மக்களுடையது. எதற்காக? மாகாண சபையின் பணிகளுக்காக. திறப்பு எவரிடம்? அந்நிதியத்தின் காவலையும் அதனுட் பணம் செலுத்துதலையும் பற்றிய விதிகளை ஆக்கும் அதிகாரத்தை அச்சட்டம் ஆளுநருக்கே கொடுத்திருக்கின்றது. நிதியத்தைத் தொடும் நியதிச்சட்டத்தைச் சபையில் முன்வைப்பதற்கும் ஆளுநரின் விதந்துரை வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. பெட்டி யாழ்ப்பாணத்தில் இருக்கின்றது, திறப்பு கொழும்பில் இருக்கின்றது.

பெட்டிக்குள் விழுவதையும் பாருங்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் நிதி ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும், மூன்று பெரும் சமூகங்களையும் பிரதிநிதித்துவஞ் செய்யும் மூவரும் அதன் உறுப்பினர்கள். சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை முதலியவற்றைக் கருத்திற்கொண்டு, மாகாணங்களுக்குப் போதிய நிதியை அவ்வாணைக்குழுவின் விதந்துரைப்படி அரசாங்கம் ஒதுக்குதல் வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்திலே இது நல்ல ஏற்பாடு. எனினும் போதியது எவ்வளவு என்பதைக் கொடுப்பவனே தீர்மானிக்கும்போது, பெறுபவனுக்கு முறையிட எந்த மன்றம் உண்டு?

2013 செப்ரெம்பரில் வடக்கு மக்கள் பெருவாரியாக வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தனர். அச்சபை இயங்கிய காலத்தில், புலம்பெயர்ந்த நம்மவரின் உதவியை முறைப்படி பெற்று, முறைப்படி கணக்குக் காட்டிச் செலவிட முதலமைச்சர் நிதியம் ஒன்றை நிறுவ முயன்றது. அதற்குரிய இசைவு கிட்டவில்லை என்பது அன்றைய முதலமைச்சர் திரு. சி. வி. விக்னேஸ்வரன் அடிக்கடி எடுத்துரைத்த முறைப்பாடு. சனாதிபதி நிதியத்துக்கு 1978ஆம் ஆண்டிலேயே 7ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. ஒரு மாகாணத்தின் முதலமைச்சர் தம் மக்களுக்கென ஒரு பெட்டி வைக்க எண்ணியபோது மட்டும் அத்தனை ஐயங்கள் எழுந்தன. 2018 ஒக்டோபரில் அச்சபையின் ஆயுளும் முடிந்தது. அதன் பின் ஏழு ஆண்டுகள் தேர்தலின்றிக் கழிந்துள்ளன. மக்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாது ஆளுநர் ஒருவராலேயே ஆளப்பட்ட மாகாண நிதியத்தை எந்த அகராதியைக் கொண்டு மக்கள் நிதியம் என்பது?

இது புதிய வழக்கன்று. 1957 ஜூலை 26ஆந் திகதி கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கையிலே, பிரதேச சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் இருக்கும் என்றும், மத்திய அரசாங்கம் மொத்த நன்கொடை வழங்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது. சொந்தப் பெட்டியும் சொந்தத் திறப்பும் இல்லாத சுயாட்சி பெயரளவில் நிற்கும் என்பதை அன்றே அறிந்திருந்தனர் நம் முன்னோர்.

உத்தியோகத்தரும் கேளீர்

இஃது கமக்காரரின் வழக்கு மட்டுமே என எண்ணற்க. 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு இன்று ஊழியர் 8 வீதமும் வேலைகொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேலைகொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்துகின்றனர். இவை அரசாங்கப் பணமல்ல, உழைத்தவனின் முதுமைக்கால உணவு. சேமலாப நிதியத்தின் பணத்தைக் காத்து முதலிடுவது மத்திய வங்கி. அப்பணத்தின் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே கடனாகச் சென்றுள்ளது.

நாடு கடனிறுக்க முடியாது 2022இல் வீழ்ந்தபின், 2023 ஜூலை 1ஆந் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றம் அங்கீகாரம் அளித்தது. சேமலாப நிதியங்கள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளைப் புதிய முறிகளுக்கு மாற்றவேண்டும் எனக் கேட்கப்பட்டது. புதியவற்றுக்கு 2025 வரை 12 வீத வட்டி, அதன் பின் 9 வீதம். மாற்ற மறுத்தால் 14 வீத வரிக்குப் பதில் 30 வீத வரி. இதனைத் தெரிவு என்றார்கள். ஒரு கையில் மாம்பழமும் மறு கையில் பிரம்பும் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் எது வேண்டும் எனக் கேட்பது தெரிவாகுமா? உறுப்பினர் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. எவருடையது என்னும் கேள்விக்கு விடை உழைப்பாளி. திறப்பு எவரிடம் என்னும் கேள்விக்கு விடை அரசாங்கம். கமக்காரனின் குளத்துக்கும் உத்தியோகத்தனின் முதுமைக்கும் நேர்ந்த குறை ஒன்றே.

கமக்காரர் ஓய்வூதியமும் இவ்வாறே. 1987ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கமக்காரர் தவணைப் பணம் கட்டி, முதுமையில் ஓய்வூதியம் பெறும் ஏற்பாடு தோன்றியது. கட்டியதைவிடக் கொடுக்கவேண்டியது மிகுந்தபோது பணம் போதாது சில காலம் கொடுப்பனவு நின்றது, பின்னர் மீளத் தொடங்கியது. வரவுக்கும் பொறுப்புக்கும் உள்ள இடைவெளியைக் காலந்தோறும் அளந்து வெளிப்படுத்தாத நிதியம் ஓட்டைக் குளத்துக்கு ஒப்பாகும்.

படித்தவர்களை நாடி இன்னொரு வகையும் வருகின்றது. பலரது பணத்தைத் திரட்டிப் பங்குகளிலும் முறிகளிலும் இடும் அலகு நம்பிக்கைப் பொறுப்பு நிதியங்கள் 1991 முதல் இந்நாட்டில் உள்ளன. அவை முறையாக ஒழுங்குபடுத்தப்பட்டவை. ஆயினும் இலாபம் போல நட்டமும் அலகு வைத்திருப்பவனுக்கே உரியது. சேமலாபம் என்ற பெயரும் முதலீடு என்ற பெயரும் ஒன்றல்ல. சென்னையிலும் 1990களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும், நிதி என்ற பெயரை மட்டும் நம்பி உயர்ந்த வட்டிக்குப் பணம் வைத்த ஆயிரக்கணக்கான ஓய்வூதியர் தம் முதலை இழந்தனர்.

நம் குற்றமும் உண்டு

பிறர் குற்றம் பேசி நம் குற்றத்தை மறைத்தல் நீதியன்று. 2009இன் பின் வன்னிக்குச் சுழற்சி நிதி என்னும் பெயரில் எத்தனையோ உதவிகள் வந்தன. சங்கத்திலே ஒருவர் கடன் பெற்றுத் திருப்பிக் கட்ட, அப்பணம் அடுத்தவருக்குச் செல்வதே அதன் கருத்து. எத்தனை ஊர்களில் அது இரண்டாம் முறை சுழன்றது? தலைவரின் பெயரிலும் பொருளாளரின் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தால் நிதியம் ஆகிவிடும் என நாம் எண்ணினோம். வெளிநாட்டிலிருந்து ஊர்ச்சங்கம் அனுப்பிய பணம் தனியாள் கணக்கில் இறங்கி, கோயில் திருப்பணியும் மைதானமும் புலமைப்பரிசிலும் ஒன்றாய்க் கலந்து, ஈற்றில் கணக்கு வினவியவன் துரோகி எனப் பெயர் வாங்கிய கதைகளை நான் வழக்கறிஞனாகவும் கேட்டிருக்கின்றேன், ஊரவனாகவும் கேட்டிருக்கின்றேன். 1917ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் நூறாண்டுக்கு மேலாக நம்மிடையே உளது. பொறுப்பாளன் பொறுப்புப் பணத்தைத் தன் பணத்தோடு கலக்கலாகாது, கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாம் அதனை ஏட்டில் விட்டோம்.

ஊரில் நம்பத்தக்க நிதியம் இல்லாதவிடத்து வட்டிக்காரன் வருகின்றான். போருக்குப் பின் வன்னியெங்கும் நுண்கடன் நிறுவனங்கள் பரவி, வாரந்தோறும் வாசலில் வந்து நின்று தவணை கேட்டமையையும், குடும்பத்தைத் தனித்துத் தாங்கிய பெண்கள் ஒரு கடனை அடைக்க மறு கடன் பெற்றமையையும் நாம் கண்டோம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது.

செய்யவேண்டியவை

முன்னாளில் குளக்கட்டு வேலை ஊருக்குப் பொதுவாயிருந்தது. வயலின் அளவுக்கேற்ப ஒவ்வொரு குடும்பமும் கட்டிலே தன் பங்குக்கு மண் போட்டது. அந்த உழைப்பே அக்காலத்து நிதியம். நோக்கம் தெரிந்தது, உரியவர் தெரிந்தது, திறப்பும் ஊரிடமே இருந்தது. அந்த நெறியை இக்காலச் சட்டத்துக்கு ஏற்ப மீட்க வேண்டும்.

முதலாவதாக, 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவான கமக்காரர் அமைப்புகள், அறுவடை முடிந்த கையோடு ஏக்கருக்கு இத்தனை என ஒரு சிறு பங்கைக் குளப் பராமரிப்புக்கென வேறாக்கி வைக்கட்டும். எதற்காக என்பது எழுத்தில் இருக்கட்டும். மூவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்கக் கூடாது என்பது விதியாகட்டும். விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்தில் கணக்கு உரத்து வாசிக்கப்படட்டும். பூநகரியில் ஓய்வுபெற்ற கணக்காளரும் ஆசிரியரும் உளர். அவர்களிடம் கணக்காய்வை ஒப்படைக்கலாம்.

இரண்டாவதாக, 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பிரதேச சபைக்கென ஒரு சபை நிதியத்தை வைத்துள்ளது. இரண்டாண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கிய சபைகளுக்கு 2025இல் தேர்தல் நடைபெற்றது. வாக்களித்தவர்கள் இப்போது வரவு செலவுக் கூட்டத்துக்கும் செல்லட்டும். வீதி விளக்குக்கு எவ்வளவு, குடிதண்ணீருக்கு எவ்வளவு, மிகுதி எங்கே எனக் கேட்கட்டும். உவர் ஏறிய கிணறுகளின் நடுவே வாழும் பூநகரி மக்களுக்கு அது கேட்டுத் தீரவேண்டிய கேள்வி.

மூன்றாவதாக, நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் “நிதி தாருங்கள்” எனக் கையேந்துவதை விடுத்து, “ஊர் சேர்த்த பணத்துக்கு ஈடாக அரசும் பணம் இட்டு, ஆண்டிறுதியில் அழியாத குளப் பராமரிப்பு நிதியத்தைச் சட்டத்தால் நிறுவுக” எனக் கோருவார்களாக. மாகாண நிதியத்தின் விதிகளை ஆக்கும் அதிகாரம் தெரிவுசெய்யப்பட்ட சபைக்கே உரியதாதல் வேண்டும் எனக் கோருவார்களாக. அச்சபைக்கான தேர்தலைக் கோருவார்களாக. சேமலாப நிதியத்தின் முதலீட்டைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்நிதியத்தின் உறுப்பினர்களுக்கு ஆசனம் வேண்டும் எனத் தொழிற்சங்கங்களோடு இனபேதமின்றிச் சேர்ந்து கோருவார்களாக. அதிலே காலியின் தொழிலாளிக்கும் கிளிநொச்சியின் தொழிலாளிக்கும் வேறுபாடில்லை.

வாடியடிப் பெரியவருக்கு என் விடை இதுவே. ஐயா, அந்தக் காசு உங்களுடையது. நீங்கள் கொடுத்த வரியிலிருந்து திரண்டது. அது வரவுமில்லை, போகவுமில்லை. அதன் திறப்பு உங்கள் கையில் இல்லாமையால் நீங்கள் அதனைக் காணவில்லை. அடுத்த முறை எவரேனும் வந்து நிதி தருகின்றேன் என்றால், எவ்வளவு என்று கேளாதீர்கள். திறப்பு எவரிடம் என்று கேளுங்கள். வருகின்ற மாசி அறுவடையின்போது, உங்கள் குளத்துக்கென முதல் மரைக்கால் நெல்லை வேறாக்கி வைப்பவரும் நீங்களாகவே இருங்கள்.